இரண்டாவது முகம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
பெட்ரோல் பங்கை ஒட்டி
பணமில்லாத ஏடிஎம் ஒன்று இருக்கிறது.
மூன்று மாதமாகக் கண்ணாடியில் 'பழுது' என்றொரு தாள்.
ஏசி மட்டும் ஓடுகிறது.
அதை நிறுத்தச் சொல்லி யாருக்கும் உத்தரவு வரவில்லை.

வெள்ளைச் சுவர், அமைதியான இடம், முகத்துக்கு நேரே வெளிச்சம்
என்று கேட்டிருந்தது நேர்காணல்.
எங்கள் வீட்டில் இந்த மூன்றும்
ஒரே நேரத்தில் இருந்ததில்லை.
சுவர் பச்சை.
கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டால்
கூட்ஸ் வண்டி நகரும்வரை
பைக்குகள் ஹாரனிலிருந்து கையெடுக்காது.

மெயில்கள் என்னை முனிரத்தினம் என்று கூப்பிடுகின்றன.
குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால்
அடுத்த பக்கம் திறக்கவில்லை,
அப்பா பெயரைப் போட்டேன்.
அன்றிலிருந்து
'அன்புள்ள முனிரத்தினம், உங்கள் திறமை எங்களைக் கவர்ந்தது.'
'முனிரத்தினம், உங்கள் சுயவிவரம் எழுபத்தெட்டு சதவீதம் முழுமை.'
ஹார்பர் கேட்டில் விடிகாலை ஐந்துக்கு நின்றவர்.
மேஸ்திரி விரல் நீட்டினால் வேலை,
நீட்டாவிட்டால் டீ.
செத்து நாலு வருஷம் கழித்து
வாரத்துக்கு மூன்று கம்பெனி தேடுகிறது.
அம்மாவிடம் சொன்னேன்.
'பி.எஃப். ஏதாச்சும் வருமா கேளு' என்றாள்.

ஏடிஎம் செக்யூரிட்டி பெயர் எட்டியப்பன்.
கால் மணி நேரம் அண்ணே என்றேன்.
ஸ்டூலை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டார்.
'உள்ள இன்டர்வியூ நடக்குதுபா, அப்பால வா.'
'மிஷினுக்கா?'
'மிஷினுதான் எடுக்குது.'

திரையில் மனிதர் இல்லை.
என் முகம், மூலையில் கரையும் நொடிகள்.
உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்: தொண்ணூறு நொடி.
கெஜலட்சுமி என்றேன். பி.காம். என்றேன்.
எழுபதிலேயே தீர்ந்துபோனேன்.
மிச்ச இருபது நொடியும் சிரித்தேன்.
சிரிப்புக்கு மார்க் உண்டு என்று ஷர்மிளா சொல்லியிருந்தாள்,
பல் தெரியணுமா என்று அவளுக்கும் தெரியவில்லை.

நெருக்கடியைச் சமாளித்த அனுபவம் ஒன்று?
இடுப்பளவு மழைத்தண்ணீரில்
காலி சிலிண்டரை மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போனதைச் சொல்லவில்லை.
டீம் என்றேன், டெட்லைன் என்றேன்.

மூன்றாவது கேள்வியில் கதவு திறந்தது.
எட்டியப்பன் கையில் போன் கத்துகிறது.
இரண்டு மணிக்கொரு தரம்
ஏடிஎம்மோடு சேர்த்துத் தன் முகத்தை
மூன்று நிமிஷத்துக்குள் அனுப்பியாக வேண்டும்,
தவறினால் அரைநாள் கூலி இல்லை.
'மன்ச்சிக்கமா' என்று வாயை மட்டும் அசைத்து
குனிந்து, ஒருக்களித்து, என் முதுகுக்குப் பின்னால் புகுந்து
கையை உயர்த்தினார்.

அவர் போனில் நான்.
என் போனில் அவர்.
ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள், என்றது என்னுடையது.
அவருடையது பேசாமல் சிவப்பு காட்டியது.

நான் சட்டென்று தரையில் உட்கார்ந்துகொண்டேன்,
பிய்ந்த ரசீதுகளுக்கு நடுவில்.
அவர் மறுபடி எடுத்தார். பச்சை.
எழுந்து பார்த்தால்
என் கேள்வி வெறும் சுவரிடம்
நாற்பது நொடி பதில் வாங்கியிருந்தது.

ராத்திரி பதினொன்றுக்கு மெயில்.
'அன்புள்ள முனிரத்தினம், பதிவில் இரண்டாவது நபர் தென்பட்டார்.
அவர் யார்? உங்களுக்கு என்ன உறவு? எவ்வகையில் உதவினார்?
இருநூறு எழுத்துகளுக்குள் விளக்கவும்.'

அண்ணன் என்று அடித்தேன். அழித்தேன்.
அவரும் உங்களைப் போன்ற ஒரு ஆப்பில்தான் என்று தொடங்கி
அதையும் அழித்தேன்.
கேட் மூடிக்கிடந்தது, வெளியே ஹாரன்.

'கதவைப் பார்த்துக்கொண்டார்.'

நூற்றெழுபத்து நாலு எழுத்து மிச்சம் என்றது.
இருக்கட்டும் என்று அனுப்பினேன்.
கீழே, இப்படிக்கு என்ற இடத்தில்
நான் தொடாமலே
அப்பா பெயர் வந்து நின்றது.